ஏழு பத்து வண்டி

நம் வயதுக்காரர்களுக்கெல்லாம் இப்போது ஒரு நோய் வந்திருக்கிறது. எதையாவது பழையது என்று சொல்லிவிட்டால் போதும், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிவிடுகிறோம். பழைய காப்பிக்கடை, பழைய சினிமாக் கொட்டகை, ஈயம் அள்ளிய பழைய கப்பல். உள்ளே போய் நாலு படம் எடுத்து, ஞாபகம் இருக்கா என்று கேட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்துப் பேர் கும்பிடு போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரயில் என்று வந்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் முதல் பாதியிலேயே சிரித்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் அக்கா மகன் ஐந்து டிக்கெட்டுகளோடு என் வீட்டுக்கு வந்தான். பழைய பெட்டிகளைப் பழுது பார்த்து, பழைய டீசல் எஞ்சினில் மாட்டி, ஈப்போவிலிருந்து தைப்பிங்குக்கு ஒரு நாள் ஓட்டுகிறார்களாம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அப்பாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கும் அவனுக்கும், அவனுடைய எட்டு வயது மகளுக்கும். நாலு தலைமுறையும் ஒரே பெட்டியில் என்று பெருமையாகச் சொன்னான். நான் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அப்பாவுக்கு எண்பத்தாறு வயது, முட்டி வலி, காது மந்தம் என்று அடுக்கினேன். அறைக்குள்ளிருந்து அப்பா தான் வருவதாகக் குரல் கொடுத்தார். மந்தக் காதுக்கு அது மட்டும் சரியாகக் கேட்டிருந்தது.

இனி அந்தப் பழைய கதை.

நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்த அந்தப் புத்தாண்டு உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளி எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா அங்கே மண்டோர். விடிவதற்கு முன் ஆட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்களத்து மரத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கும். அப்பா அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். அந்தச் சத்தம் பல்லுக்குள் போய்க் கூசும். நாய்கள் ஊளையிடும். ஆட்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் விளக்கு ஏறும். எத்தனை வீட்டில் கடிகாரம் இருந்தாலும், அப்பா அடித்தால்தான் எங்களுக்கு மணி. அவரிடம் நேரம் கேட்பார்கள். அவர் யாரிடமும் நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடிகாரத்தை மாற்றியபோது தோட்டத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. ரப்பர் மரத்தின் பட்டையை இருட்டில் வெட்ட முடியாது, வெயில் ஏறிவிட்டால் பால் நின்றுவிடும். மரத்துக்கு அரசாங்கத்தின் கடிகாரம் தெரியுமா? அதனால் பெரட்டு பழைய பொழுதிலேயே நடக்கட்டும் என்று தொரை சொல்லிவிட்டார். முன்பு ஐந்தரைக்கு அடித்த மணியை அப்பா அதே இருட்டில்தான் அடித்தார். அதன் பெயர்தான் ஆறு மணி என்று மாறியது. யாரும் ஒரு நிமிடம்கூட முன்னால் எழுந்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கடிகார மாற்றம் வெறும் பெயர் மாற்றம்தான் என்று அப்பா எல்லோருக்கும் விளக்கினார். ஆட்களும் தலையாட்டினார்கள்.

அதே வாரத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது.

அக்காவுக்குப் பத்தொன்பது வயது. தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தொட்டுப் பார்த்தே இவ்வளவு சூடு என்று சொல்வாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் வந்து கருவி வைத்துப் பார்த்தால் அநேகமாக அதுவாகவே இருக்கும். அவர் சொல்லித்தான் தாதிப் பயிற்சிக்கு மனு எழுதிப் போட்டாள். தாதி என்று நாங்கள் எங்கே சொன்னோம், மிஸ்ஸி என்போம். நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஈப்போவிலிருந்து கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை மணி. அக்கா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். பிள்ளைக் கொட்டகையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு எடுத்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி கை கழுவுவாள்.

அவளை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஆனால் மண்டோர் மகள் மிஸ்ஸி வேலைக்குப் போகிறாள், குடும்பத்தோடு போக வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். காலை ஏழு பத்து ரயிலில் போவது, அக்கா உள்ளே போனதும் வெளியில் காத்திருப்பது, பிறகு குகைக் கோயில், சாப்பாடு, ஒரு படம், மாலை வண்டியில் வீடு. அம்மாவின் அப்பாவும் எங்களோடுதான் இருந்தார். கப்பலில் வந்து இறங்கித் தோட்டத்துக்கு வந்த நாளில் ரயில் ஏறியதோடு சரி, பிறகு அவர் ரயிலைத் தொட்டதில்லை. தாத்தா தன் கறுப்புக் கோட்டை எடுத்து மூன்று நாள் வெயிலில் காயப்போட்டார். எனக்கும் ஒரு நாள் பள்ளிக்கு லீவு. ஏதாவது சேட்டை, வாத்தியாரிடமிருந்து ஏதாவது புகார் என்று காதில் விழுந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். நான் அதுவரை ரயிலில் ஏறியதில்லை. ரயிலுக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு சரி. ஐந்துக்கும் ஆறுக்கும் டவுன் தமிழ்ப்பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் லயத்திலிருந்து நான் ஒருவன்தான், சைக்கிளில் போவேன். அந்தத் திங்கட்கிழமை பள்ளி திறந்தது. பெரட்டு மணியை வைத்து அம்மா என்னை எழுப்பினாள், வழக்கமான வெளிச்சத்தில் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தால் பள்ளிவாசலில் ஒரு பிள்ளை இல்லை. உள்ளே வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம். பள்ளிக்கூடம் புதுக் கடிகாரத்தில் ஏழரைக்கே தொடங்கிவிட்டது. எங்கள் தோட்டத்துப் பொழுதுக்கு அது ஏழு மணி. நான் அரை மணி நேரம் தாமதம்.

பெரிய வாத்தியார் கெண்டைக்காலில் இரண்டு போட்டார். முதல் நாளே தாமதமா, அடுத்து வரும்போது அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அழுகை அடங்கிய பிறகு அவரே கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, பஸ்ஸும் ரயிலும் பள்ளிக்கூடமும் அச்சடித்த அதே எண்ணுக்குத்தான் நடக்கும், ஆகவே எல்லோரும் அரை மணி முன்னால் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது பேச்சு வந்தது. லோரிக்காரரை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று அம்மா கேட்டாள். அப்பா கணக்கைச் சொன்னார். ஏழு பத்து வண்டிக்கு இனிமேல் ஏழு நாற்பது என்று பெயர், வண்டி வழக்கமான பொழுதுக்குத்தான் வரும், நம் பெரட்டு மாதிரி. அக்கா கையைத் தட்டில் வைத்தபடியே, அப்படி இல்லை என்றாள். அவள் அப்பாவை மறுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ரயிலுக்கு வெயில் தேவையில்லப்பா. அவங்க ஏழு பத்துன்னா புது ஏழு பத்துதான். நாம அரை மணி முன்னாடி போயிரலாம், போய் உக்காந்திருந்தா என்ன?"

"ஊருக்கே மணி அடிக்கிறவன் நான். எனக்கு நீ மணி சொல்றியா?"

அம்மா அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். தாத்தா நெத்திலியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். காலில் இருந்த தழும்பு தெரியாமல் இருக்க நான் சப்பணங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதுவரை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பிறகு நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நான் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். பீடி பற்ற வைத்தார், இழுக்கவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே, எங்கள் பள்ளிக்கூடம் இன்று பழைய பொழுதுக்கு நடந்ததா, புதுக் கடிகாரத்துக்கு நடந்ததா என்று கேட்டார். அவர் குரலில் அதட்டல் இல்லை. யாரிடமும் நேரம் கேட்காத மனிதர் என்னிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால் தாமதமாகப் போனதைச் சொல்ல வேண்டும், அடி வாங்கியதைச் சொல்ல வேண்டும், வாத்தியார் அவரைக் கூப்பிட்டதைச் சொல்ல வேண்டும். ரயில் போய்விடும்.

"பழையபடிதாம்பா. மாறலே."

அப்பா பீடியை ஒரு இழுப்பு இழுத்தார். உள்ளே போய், ஏழு பத்துக்குப் பதில் ஏழு நாற்பது, பேச்சு முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. பன்னிரண்டு வயதுக்குத் தூக்கம் எப்படியும் வந்துவிடும்.

மறுநாள் லோரி எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டபோது சுவர்க் கடிகாரம் ஏழு இருபது காட்டியது. அப்பா அதை அக்காவுக்குச் சுட்டிக் காட்டினார். இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதாம். அக்காவுக்கு வெளிர் நீலத்தில் புதுச் சட்டை, அம்மாவின் ஒரு பவுன் சங்கிலி, வெள்ளை கேன்வாஸ் சப்பாத்து. அந்தச் சப்பாத்துக்கு என்னுடைய பள்ளிச் சப்பாத்து வெள்ளையைத்தான் பூசியிருந்தாள். லோரியிலிருந்து இறங்கும்போது செம்மண் பட்டுவிடாமல் ஒரு காலை மற்றக் காலில் உரசாமல் நடந்து வந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆமாம், சாப்பிட்டோம். அம்மா புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் கட்டி வந்திருந்தாள், தாத்தாவுக்குப் பசி தாங்காது. அப்பா எழுந்து தண்டவாளத்தைப் பார்த்து, தான் அடிக்கிற துண்டும் இதே இரும்புதான் என்று எனக்குச் சொன்னார். தாத்தா கோட்டுப் பையிலிருந்து எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அக்கா மட்டும் சாப்பிடவில்லை. பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தண்டவாளத்துக் கற்களை எண்ணினேன். அந்தப் பெஞ்சில் நான் வாயைத் திறந்திருந்தால்கூடப் பலன் இல்லை, வண்டி பத்து நிமிடத்துக்கு முன்பே போயிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. ஒருவேளை இன்னும் வரவில்லையோ, வாத்தியார் சொன்னது தவறோ என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏழு நாற்பது தாண்டியது. கொடி வைத்திருந்த மலாய்ப் பெரியவர் வந்து, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அப்பா சொன்னார். அவர் எங்கள் எல்லோரையும், இலைகளையும், தாத்தாவின் கோட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சூடா ஜாலான்லா, அண்ணே. ஏழு பத்துக்கே போயிருச்சு."

வண்டி போய்விட்டது என்று மலாயில் சொன்னதையே அவர் மறுபடி தமிழில் சொன்னார், மெதுவாக. அப்பா சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் அவர் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. செமோரில் காய்கறிக் கூடைகளை ஏற்ற வெகு நேரம் பிடித்தது. ஈப்போவில் அந்தக் கட்டடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். அக்கா உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் மழைமரத்தடியில் நின்றோம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். பெயர் கூப்பிட்டாயிற்றாம், பட்டியலை மூடிவிட்டார்களாம், அடுத்த தடவை மனுப் போடச் சொன்னார்களாம். அழாமல் சொன்னாள். அப்பா எல்லோரையும் ஒரு கடைக்குக் கூட்டிப் போய் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். அக்காவுடையது கரைந்து சிவப்புத் தண்ணீராகிவிட்டது. கோயிலும் இல்லை, படமும் இல்லை. வீட்டுக்குப் பஸ்ஸில்தான் திரும்பினோம். தாத்தா இரண்டு வருடத்தில் போய்விட்டார், அந்த ரயிலில் அவர் ஏறவே இல்லை.

அடுத்த வருடம் மனுத்தாளை அப்பாவே டவுனுக்குப் போய் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அக்கா அதை எடுக்கவில்லை. அதற்குள் அவள் பிள்ளைக் கொட்டகையை விட்டுவிட்டு, உளி எடுத்து மரம் வெட்டப் போயிருந்தாள். பெரட்டில் அப்பா பெயர் கூப்பிட்டால் எல்லோரையும் போல ஆஜர் சொல்வாள். வீட்டில் அந்தக் குரலும் இல்லை. அப்பாவுக்குக் காப்பி ஆறுது என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். பிறகு செமோரில் கல்யாணம், ஒரு மகன், கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஓய்வு. அப்பா வந்தால் சோறு போடுவாள், மருந்து வாங்கித் தருவாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசி இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. செமோரில் அவள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இன்றைக்கும் முதலில் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

அப்பாவின் வீம்பு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

இனி ரயில். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. பச்சை ரெக்சின் இருக்கைகள், மேலே தூக்கும் சன்னல்கள், கூண்டுக்குள் சுற்றும் விசிறி. எதிரெதிரே நாலு பேர் உட்காரலாம். அக்கா வழக்கம் போல நடைவழிக்கு இந்தப் பக்கம் என்னருகில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் சன்னலோரம் அப்பா, எதிரே அக்காவின் பேத்தியும் மகனும். அப்பாவின் பக்கத்து இடம் காலி. அதில் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள். நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் ஏறியிருந்தார்கள், எல்லோர் கையிலும் போன். எஞ்சின் ஊதியதும் கைதட்டினார்கள்.

செமோர் தாண்டியது. சுங்கை சிப்புட்டில் பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட ஸ்டேஷன் இப்போது இல்லை, எல்லாம் புதுக் கட்டடம். அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய தாத்தா சின்ன வயதில் இந்த ரயிலில் போனாரா என்று பேத்தி அவரைக் கேட்டாள். அவர் காதுக்கு எட்டும்படி இரண்டாம் தடவை உரக்கக் கேட்டாள். காது மந்தமானவர்கள் பேசுவது போலவே அப்பாவும் உரக்கப் பதில் சொன்னார். பெட்டியில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"இதே ஊர்ல ஒரு தடவ ஏற வந்தோம்மா. வண்டி போயிருச்சு. ஒங்க பாட்டிக்கு அன்னைக்குப் பெரிய வேலை கெடைக்க வேண்டியது. இந்தத் தாத்தாவாலதான் போச்சு."

அவர் இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. பிள்ளை விடவில்லை, நேரம் ஆச்சு என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

"பாட்டி சொன்னா. தாத்தா கேக்கல."

அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்திருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவர் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அந்தப் பொய்யைச் சொன்னார். அன்று ஸ்டேஷனில் ஒரு கணம் என்னைப் பார்த்தாரே, அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே பள்ளிக்கூடம் எந்த நேரத்துக்கு நடக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். பையன் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டில் பாதிப் பழி இறங்கியிருக்கும். அம்மா சாகும்போதுகூட அவர் சொல்லவில்லை.

"கேட்டாருக்கா," என்றேன்.

அக்கா திரும்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், கெண்டைக்காலில் வாங்கிய இரண்டு அடி, ரயில் மீதிருந்த ஆசை. ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை, நாலு பேர் பார்க்க மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். அக்கா மகன் பிள்ளையைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்டான். நான் முடித்ததும் அக்கா எழுந்து, அப்பாவின் காதருகே குனிந்து, இவன் சொல்வது நிஜமா, அன்று என் பேச்சைக் கேட்டுவிட்டு இவனிடம் போய் விசாரித்தீர்களா என்று கேட்டாள். அப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

"ஏம்பா என்கிட்ட சொல்லல?"

"பன்னெண்டு வயசுப் பையன் பேச்சக் கேட்டு ரயில விட்டேன்னு யாருகிட்டம்மா சொல்றது? பாக்க வேண்டியது நான்தானே."

அதில் எவ்வளவு வீம்பு, எவ்வளவு என்னைக் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அக்கா நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். எதையோ எண்ணிப் பார்க்கிற முகம் அது.

"மிஸ்ஸி வேலை போனது போவட்டும்டா. நான் சொன்னத காதுலயே வாங்கலன்னு நெனச்சுத்தான் இத்தன வருஷம் அவர் மூஞ்சப் பாக்காம இருந்தேன்."

அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. தைப்பிங் வரை அவருடைய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், நாடி பார்ப்பது போல. ஏரிக்கரையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொட்டகையில் ஒதுங்கினோம். அப்பாவுக்கு அவள்தான் சோறு பிசைந்து கொடுத்தாள். எனக்குத் தட்டை அவள் மகன் நீட்டினான். திரும்பி வரும்போதும் அவள் அங்கேதான் உட்கார்ந்தாள். என் பக்கத்து இடம் காலியாக ஈப்போ வந்து சேர்ந்தது.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் சாயங்காலம் வீட்டுப் போன் அடிக்கிறது. அப்பாவுக்கு நடக்கச் சிரமம், நான்தான் எடுக்கிறேன். அக்கா, என்கிறேன். அப்பாகிட்ட குடு, என்கிறாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன். உள்ளே அப்பா உரக்கப் பேசுவது கேட்கிறது. இன்றைக்கு என்ன கறி, முட்டி எப்படி இருக்கிறது, செமோரில் மழையா என்று ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டுப் போனைத் திருப்பித் தருகிறார். நான் காதில் வைத்துப் பார்க்கிறேன். அதற்குள் அவள் வைத்துவிடுகிறாள்.